சுற்றி வரும் கோட்டுக்கு முனை ஏது

காலை பதினொன்று பத்துக்கு என் மகள் போன் செய்தாள். வேலை நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. சாப்பிட்டாயா என்று நான் அனுப்பும் செய்திக்குக்கூட மாலையில்தான் பதில் வரும். அதனால் திரையில் அவள் பெயரைப் பார்த்ததுமே கையிலிருந்த சாக்பீஸை வைத்துவிட்டு எடுத்தேன்.

"அம்மா, என்னை வெளியில உக்கார வச்சிருக்காங்க."

"வெளியிலன்னா?"

"ரிசப்ஷன்ல. என் லாகின் எல்லாம் எடுத்துட்டாங்க. ஒரு லெட்டர் குடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க."

"என்ன லெட்டர்டீ?"

"என் புரோகிராம்ல இருந்த தப்பாலதான் ஆக்சிடென்ட் ஆச்சுன்னு."

ஆக்சிடென்ட் என்ற சொல்லுக்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் நெடுஞ்சாலையோரம் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்துகிறேன். அடுத்த வகுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். சர்வீஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு பஞ்சர் கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கணவருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி ஒரு தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தார். உடனே பதில் வந்தது: "கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுங்க. வேற வேலை பாத்துக்கலாம்."

அதைப் படித்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன். கோபம் வந்தால் எனக்குக் கை நிதானமாகிவிடும்.

என் மகள் வேலை பார்ப்பது ஓசூர் தொழிற்பேட்டையில் கேம் அரைத்துக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில். கேம் என்பது ஓர் இரும்புத் தட்டு. பார்க்க வட்டம் போலிருக்கும், வட்டமில்லை. ஒரு பக்கம் புடைத்திருக்கும். அது சுற்றும்போது அதன் விளிம்பில் ஒரு ரோலர் உருண்டு, புடைப்பில் ஏறி இறங்கும். ரோலரோடு சேர்ந்து மேலே இருக்கும் பாகமும் ஏறி இறங்கும். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில், காலி டின்னைத் தூக்கிக் கூழ் வரும் குழாயின் வாயில் பொருத்திவிட்டுக் கீழே இறக்குவது அப்படி ஒரு கேம்தான். பழையது தேய்ந்துபோக, அதை அளந்து புதியது செய்து தரச் சொல்லி இவர்களிடம் கொடுத்தார்கள். மாங்காய்ப் பருவம். லாரிகள் பழத்தோடு வாசலில் நிற்கும் காலம்.

புதிய கேமைப் பொருத்தி ஓட்டியதும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டொக்' என்று தட்டியிருக்கிறது. பருவத்தில் யார் மிஷினை நிறுத்துவார்கள்? ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முந்தின நாள் மாலை ரோலரின் அச்சு முறிந்து, ஒரு துண்டு பறந்திருக்கிறது. அந்த இடத்தில் டின்களை வரிசைப்படுத்தும் பெண் கீழே விழுந்த மூடியை எடுக்கக் குனிந்திருக்கிறாள். துண்டு அவள் காதோரத்தைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்திருக்கிறது. குனியாமல் இருந்திருந்தால் முகம்.

மகள் இதைச் சொல்லக் கேட்டதும் எனக்கு முதலில் அந்தப் பெண்ணின் நினைவு வரவில்லை. என் மகளின் நினைவுதான் வந்தது. தாய்க்கு அப்படித்தான் வரும். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை நான் கண்ணை மூடினால் வருவது அந்தக் காது. நான் அதுவரை பார்த்திராத காது.

ரிசப்ஷனில் என் மகள் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பல் பிடுங்கக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து ஒரு வருடம் முடியப் போகிறது. அடுத்த மாதம் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். இந்தத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கெட்ட பெயர் எடுத்தால், மதியச் சாப்பாட்டுக்குள் அடுத்த தெருக் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். கடிதத்தில் அவள் கையெழுத்து விழுந்தால் அவளுக்கு வேலை மட்டும் போகாது. ஒரு பெண்ணின் முகத்தைக் கிழிக்கப் பார்த்த கணக்கு இவளுடையது என்று ஆகிவிடும்.

உற்பத்தி மேலாளர் எங்களை உள்ளே கூப்பிட்டார். சேலத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். முகம் கோணாமல் டீ சொல்லி உட்கார வைத்தார்.

"நீங்க கணக்கு டீச்சராமே மேடம். அப்ப உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்ல. புரோகிராம் எழுதினவங்கதான் அதுக்குப் பொறுப்பு. அவ்ளோதான் மேட்டர்."

"இவ எழுதின மாதிரியே ஓட்டுனீங்களா சார்?"

"அது எங்க ஓடுச்சு? எர்ரர் அடிச்சுது. அன்னைக்குப் பாத்து இந்தப் பொண்ணு காய்ச்சல்னு லீவு. கஸ்டமர் போன் மேல போன். நான்தான் சரி பண்ணி ஓட்டிவிட்டேன்."

எதையும் மறைக்கவில்லை அவர். அதுதான் எனக்கு அதிர்ச்சி. தான் செய்தது உதவி என்றே நம்பினார்.

"என்ன சரி பண்ணீங்க?"

"அளவு ஷீட்டுல கடைசி வரிசை தேவையில்லாம இருந்துச்சு. பூஜ்ய டிகிரியும் முந்நூத்தி அறுபது டிகிரியும் ஒரே புள்ளிதானே? ஒண்ண எதுக்கு ரெண்டு தடவ எழுதணும்? எடுத்துட்டேன். அதுக்கும் எர்ரர் போகல. என்னமோ பீரியாடிக்னு போட்டு வச்சிருந்தா. அத மாத்தி நேச்சுரல்னு போட்டேன். வெண்ணெய் மாதிரி ஓடுச்சு."

"சார், நீங்க வரிசைய எடுத்ததாலதான் ரெண்டாவது எர்ரர் வந்தது," என்றாள் என் மகள். குரல் மெல்லியதாக இருந்தாலும் உடையவில்லை. "முதல்ல எர்ரர் வந்தது ஃபைல் பேர் மாறினதுக்கு. அது வேற."

"ஆரம்பிச்சுட்டாளா," என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இங்கே கணக்கைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கேமின் விளிம்பை அவர்கள் பத்துப் பத்து டிகிரிக்கு ஒரு புள்ளியாக அளக்கிறார்கள். அரைக்கும் மிஷினுக்குப் புள்ளிகள் போதாது, தொடர்ந்த கோடு வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையில் ஒரு முப்படிக் கோட்டுத் துண்டைப் போட்டு இணைப்பதுதான் கியூபிக் ஸ்ப்லைன். துண்டும் துண்டும் சந்திக்கும் புள்ளியில் சரிவும் ஒத்துப்போக வேண்டும், வளைவும் ஒத்துப்போக வேண்டும். அதனால்தான் கோடு வழவழப்பாக வருகிறது. இதையெல்லாம் சமன்பாடுகளாக எழுதினால் கடைசியில் இரண்டு சமன்பாடு குறையும். இரண்டு முனைகளிலும் கோடு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் புள்ளிகள் சொல்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கணக்கு முடியாது.

அங்கேதான் நம் ஊர்ப் பாடத்திட்டம் குறுக்கே வருகிறது. தேர்வுத்தாளில் ஸ்ப்லைன் கணக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முனையிலும் வளைவு பூஜ்யம் என்று எழுதிவிட்டுத்தான் பேனாவை ஓட்டுவோம். அதற்குப் பெயர்தான் நேச்சுரல். ஏன் பூஜ்யம் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. முழு மதிப்பெண் கிடைத்துவிடும். மெல்லிய இரும்புப் பட்டையை சில ஆணிகளுக்கு இடையே கொடுத்து வளைத்தால், கடைசி ஆணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி வளையாமல் நேராகப் போகும். நேச்சுரல் என்பது அதுதான். நுனி இருந்தால் அது பொருத்தம். மேலாளரும் அதே பாடத்தைப் படித்தவர். இந்த மாவட்டத்தில் பொறியியல் படித்த எல்லோருடைய கையும் அந்த இடத்தில் தானாகப் பூஜ்யம் போடும்.

"மேடம், இருபது வருஷமா நேச்சுரல்லதான் ஓட்டறோம். ஒண்ணாச்சும் தட்டியிருக்கா?"

அது பொய்யில்லை. அதற்கான காரணத்தை என் மகள்தான் சொன்னாள். அவர்கள் வழக்கமாகச் செய்யும் கேம்களில், ரோலர் ஏறாமல் இறங்காமல் சும்மா உருளும் பகுதியிலிருந்துதான் அளவு தொடங்கும். அங்கே முனையை எப்படி ஒட்டினாலும் தெரியாது. இந்தக் கேம் வெளியூர் மிஷினுடையது. தண்டில் மாட்டுவதற்காக வெட்டியிருக்கும் காடியை வைத்து அளவைத் தொடங்கினார்கள். அந்தக் காடிக்கு நேரே இருக்கும் விளிம்பு, ரோலர் மேலே ஏறத் தொடங்கும் இடம். வளைவு மிகுந்த இடம். கடைசி வரிசையை எடுத்ததும் கோடு முந்நூற்றைம்பதிலேயே நின்றுபோயிற்று. மிச்சமிருந்த இடைவெளியை மிஷின் ஒரு நேர்கோட்டால் அடைத்துவிட்டது. அந்த ஒட்டில் ஒரு மடிப்பு. சுற்றுக்கு ஒரு முறை ரோலர் அந்த மடிப்பில் மோதும்.

நான் அவருக்கு இதைக் கணக்காகச் சொல்லவில்லை. என் கையிலிருந்த வளையலைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"இதுக்கு முனை எங்க சார் இருக்கு? காட்டுங்க."

அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கவரிங்கா மேடம்? கவரிங்னா ஜாயின்ட் இருக்கும்."

"இருந்தா கையைக் கிழிக்கும். கிழிச்சா இப்படி ரெண்டு பேர எதிர்ல உக்கார வச்சுக் கையெழுத்துக் கேக்க மாட்டோம். கடைக்காரன் மூஞ்சியில வீசுவோம்."

என் மகள் மேசைக்கு அடியில் என் முழங்காலைக் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை. "இல்லாத முனையை நீங்க உண்டாக்கியிருக்கீங்க. சுத்தி வர்ற கோடு கிளம்பின இடத்துக்கு அதே சரிவோட, அதே வளைவோட வந்து சேரணும். பீரியாடிக்னா அதுதான். அது சரிபாக்கறதுக்கு அந்தக் கடைசி வரிசை வேணும். புரோகிராம் எர்ரர் அடிச்சது உங்களத் தடுக்கறதுக்கு. நீங்க அதோட வாயை மூடிட்டீங்க."

"எர்ரர் அடிச்சா என்ன அர்த்தம்னு பக்கத்துலயே கமென்ட் எழுதியிருக்கணும் இல்ல? எழுதினவங்க பொறுப்பு."

"'இந்த வரிசையை எடுக்காதே'ன்னு எழுதியிருந்தேன் சார்," என்றாள் மகள்.

"இங்கிலீஷ்ல எழுதியிருந்த."

"பின்ன புரோகிராம்ல கன்னடத்துலயா சார் எழுதுவேன்?"

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்போது அவர் போன் அடித்தது. மாங்கூழ் தொழிற்சாலையின் பராமரிப்பு அதிகாரி. ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், எனக்கு எந்த லெட்டரும் வேணாம். கேம் வேணும். மறுபடி அந்த டொக் சத்தம் கேட்டுச்சுன்னா நான் மிஷின்கிட்ட நிக்க மாட்டேன், உங்க கேட்டுலதான் வந்து நிப்பேன்."

போனை வைத்துவிட்டு மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். அவருடைய திட்டம், இன்னும் நெருக்கமாக அளந்து, புள்ளிகளைக் கூட்டி, அதே நேச்சுரலில் மறுபடி அரைப்பது. என் மகள் தன் கணக்கையும் அவர் கணக்கையும் ஒரே திரையில் வரைந்து காட்ட ஐந்து நிமிடம் கேட்டாள். லாகினைத் திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வளைவை மட்டும் தனியே வரைந்தாள். அவளுடையது தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துத் தடையில்லாமல் ஓடியது. அவருடையது ஓர் இடத்தில் சடாரென்று கீழே விழுந்து, மறுபடி எழும்பியது. கிணற்றில் எட்டிப் பார்ப்பதுபோல எல்லோரும் அந்த இடத்தைக் குனிந்து பார்த்தோம். புள்ளிகளைக் கூட்டியும் காட்டினாள். பள்ளத்தின் அகலம் குறைந்தது, பள்ளம் போகவில்லை.

மேலாளர் நிமிர்ந்தார். "சரி. உன் கணக்குலயே அரைக்கறேன். ஆனா ஒண்ணு. இதுவும் தட்டுச்சுன்னா பேசாம கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடணும்."

"தட்டலைன்னா?" என்று நான் கேட்டேன்.

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா என்ன சார்? தட்டலைன்னா அந்த லெட்டர்ல யார் பேரு வரும்?"

அவர் அரைக்கும் பிரிவுக்குப் போன் போடத் தொடங்கினார். டீ ஆறிப்போயிருந்தது. குடிக்காமல் எழுந்து வந்தேன்.

இதை எழுதும்போது நான் துணிச்சல்காரி போலத் தெரியலாம். தெரியட்டும். ஆனால் பயம் இல்லாமல் இல்லை. தேய்ந்துபோன கேமை அளந்துதானே செய்கிறார்கள்? அளவே பிசகியிருந்தால்? என் மகளின் கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறான புள்ளிகள் வழியே அழகாகத்தான் போகும். இந்தச் சந்தேகத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லவில்லை. இருவருக்கும் அது இருந்தது.

இரவு சாப்பிடும்போது கணவர் மறுபடி சொன்னார். "திண்டுக்கல்லுல இருந்து பொழைக்க வந்தவங்க நாம. ஊரோட பகைச்சுக்க முடியுமா?"

"பொழைக்க வந்தோம். பழியச் சுமக்க வரல."

"உனக்கு வாய் ஜாஸ்தி."

"அவளுக்கும் இருக்கட்டும்."

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் நான் விடுப்பு எடுத்தேன். இரவோடு இரவாக அரைத்த கேம் காலையிலேயே கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டது. மகளை உள்ளே விடவில்லை, வெளியே போகவும் சொல்லவில்லை. இருவரும் அதே ரிசப்ஷனில் உட்கார்ந்தோம். கண்ணாடிக் கதவு வழியாகக் கேட் தெரிந்தது. ஒவ்வொரு வண்டி வரும்போதும் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். கடிதம் எதிரிலிருந்த மேசையில் கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க யாரோ ஒரு பழைய பேரிங்கை அதன்மேல் வைத்திருந்தார்கள்.

மத்தியானம் தாண்டியும் எந்தத் தகவலும் இல்லை. மேலாளர் இரண்டு முறை எங்களைக் கடந்து போனார். இரண்டாவது முறை நின்றார்.

"போன் எடுக்க மாட்டேங்கறாங்க மேடம். தட்டாம இருந்தா எடுத்திருப்பாங்க இல்ல? யோசிச்சுப் பாருங்க. கேஸு கீஸுன்னு போறதுக்கு முன்னாடி இது முடிஞ்சுட்டா பொண்ணுக்கும் நல்லது."

அவர் போன பிறகு மகள் என் தோளில் சாய்ந்தாள். "போட்டுடலாமாம்மா? அந்த அக்காவோட காது ஞாபகத்துக்கு வந்துட்டே இருக்கு. லீவு போடாம வந்திருந்தா நானே அந்த எர்ரரைப் பாத்துச் சரி பண்ணியிருப்பேன்ல."

"காய்ச்சல் வந்தது உன் குத்தமா?"

"இல்ல."

"நீ போட்ட கோடு தப்பா?"

கொஞ்சம் யோசித்தாள். எனக்காக யோசிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தாள். "இல்லம்மா. தப்பில்ல."

"அப்ப அந்தப் பேனாவத் தொடாத. வேலை போனா போகுது. தட்டினாக்கூட, எதனால தட்டுச்சுன்னு கண்டுபிடிச்சு, உண்மை எதுவோ அதுக்குக் கையெழுத்துப் போடு. இவங்க டைப் பண்ணி வச்ச உண்மைக்குப் போடாத."

சொல்லிவிட்டேனே தவிர, வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கணவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவர் இல்லாத முனையை ஓர் இடத்தில் வைத்துவிட்டு, அதன் கிழிசலை இன்னொருவர் கையில் கொடுத்து உன்னுடையது என்றால், அதை வாங்கிக்கொள்ளச் சொல்லி என் பிள்ளைக்கு நான் கற்றுத்தர மாட்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

நாலு மணி வாக்கில் கேட்டில் ஒரு சரக்கு வேன் வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து மாங்கூழ் தொழிற்சாலையின் பராமரிப்பு அதிகாரி இறங்கினார். பின்னாலேயே ஒரு பெண் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். வேலைக்கான நீலக் கோட்டை இன்னும் கழற்றவில்லை. இடது காதில் வெள்ளைக் கட்டு. இருவரும் தெலுங்கில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டே படியேறினார்கள். மகள் எழுந்து நின்றாள். நானும் எழுந்தேன்.

மேலாளர் உள்ளேயிருந்து வேகமாக வந்தார். "என்ன சார், போனே எடுக்கல?"

"உள்ள சத்தத்துல எங்க சார் கேக்குது?" என்றார் அதிகாரி. "நீங்க அனுப்பினது ஓடுது. இதே மாதிரி இன்னும் ரெண்டு வேணும்னு சொல்லத்தான் வந்தேன். இந்தம்மா நானும் வந்தே தீருவேன்னு ஏறிட்டாங்க."

அந்தப் பெண் அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு கணக்குப் போட்டது?"

"நான்தாங்க்கா," என்றாள் என் மகள்.

"நீயா கண்ணு? இந்தப் புதுசுக்கா, தட்டிச்சே அந்தப் பழசுக்கா?"

"புதுசு அப்படியே என்னுது. பழசும் நான் போட்டதுதான். ஆனா அதுல கடைசியில மாத்திட்டாங்க."

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு, கேட்காமலேயே உட்கார்ந்தாள்.

"காலையில இருந்து அது பக்கத்துலயே நின்னு காத வச்சுக் கேட்டேன், கட்டு போடாத காத. தட்டவே இல்ல. யாரோ சின்னப் பொண்ணு தப்பாப் போட்டுட்டான்னு சொன்னாங்க. உன்னத் திட்டணும்னுதான் கிருஷ்ணகிரியில இருந்து வழி நெடுக வாய்க்குள்ள வார்த்தை சேத்துக்கிட்டே வந்தேன். இப்ப அத்தனையும் அப்படியே இருக்குது." மேலாளரின் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க சார். யாரத் திட்டறது?"